கூரை வரை பொங்கும் பீர் காய்ச்சுவது எப்படி

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கையேடு அமெரிக்காவில், கராஜும் பேஸ்மென்ட்டும் உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும். 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் அமல்படுத்திய மதுவிலக்குச் சட்டம், டாஸ்மாக் கடைகளுக்கு நடுவிலும், இன்னும் சட்டப் புத்தகத்தில் உயிரோடுதான் இருக்கிறது. தமிழ்நாட்டு வீட்டில் பானை ஏற்றினால் நுரைக்கு முன்னால் போலீஸ் வந்துவிடும்.

அமெரிக்காவிலும் இது வெகுகாலம் குற்றமாகத்தான் இருந்தது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் ஒரு மசோதாவில் கையெழுத்துப் போட்ட பிறகுதான், வரி கட்டாமல் சொந்த வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ள வழி பிறந்தது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை முரண்டு பிடித்துவிட்டு அப்புறம்தான் இறங்கிவந்தன. 200 கேலன் என்பது 757 லிட்டர். மிரள வேண்டாம். கூரையில் ஒட்டியது, தரையில் ஓடியது, கார்ப்பெட்டில் ஊறியது எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் குடும்பத்துக்குப் போதாது.

பீரை நீங்கள் காய்ச்சப்போவதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதைச் செய்வது ஈஸ்ட். 1516இல் பவேரியாவின் பிரபுக்கள் பீரில் பார்லி, கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறொன்றும் சேரக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். வேலை முழுவதையும் செய்கிற ஈஸ்டை அதில் குறிப்பிடவே இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே நல்ல பீர் குடித்தார்கள். உங்களுக்கோ தெரியும். தெரிந்ததால் கை சும்மா இருக்காது. மூடியைத் திறந்து பார்ப்பீர்கள், குலுக்குவீர்கள், கூடக் கொஞ்சம் எதையாவது போடுவீர்கள். இந்தக் கையேடு அப்படிப்பட்ட கைகளுக்காக எழுதப்பட்டது.

கழுவுதல்

வீட்டில் பீர் காய்ச்சுவது என்பது பெரும்பாலும் பாத்திரம் தேய்ப்பது. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். அவர் காட்டும் அட்டைப்பெட்டியின் மேல் பொன்னிறக் கோப்பையும் சிரித்த முகமும்தான் இருக்கும். சிங்க்கில் முழங்கை வரை கை விட்டு நிற்கும் மனிதனின் படம் இருக்காது.

தேய்ப்பது வேறு, கிருமி நீக்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது முதல் தோல்விக்கு நிச்சயமான வழி. அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றினால் கிடைப்பது கிருமி நீக்கிய அழுக்கு. அடியில் உள்ளவை சௌக்கியமாக இருக்கும். முதலில் காரத்தன்மையுள்ள கழுவும் பொடி போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த, நுரைக்கும் கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும். அந்த நுரையைக் கண்டு பயந்து மறுபடி குழாய்த் தண்ணீரில் அலசிவிடுவது அடுத்த நிச்சயமான வழி. சொன்ன அளவில் கலந்திருந்தால் அந்த நுரை பீரோடு கலந்தாலும் ஒன்றும் ஆகாது. குழாய்த் தண்ணீரில் வருகிறவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சிக்கனக்காரர்கள் துணி வெளுக்கும் பிளீச்சை எடுப்பார்கள். அதில் மிஞ்சும் குளோரின், முளைகட்டிய பார்லியான மால்ட்டிலும் ஈஸ்டிலும் இருந்து வரும் ஃபீனால்களோடு சேர்ந்தால் பீர் முழுவதும் காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரியின் வாசனை அடிக்கும். துளியூண்டு போதும். நகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரமைனும் இதே வேலையைச் செய்யும், அதுவும் கொதிக்கவைத்தால் லேசில் போகாது. கேம்ப்டன் மாத்திரை ஒன்றைத் தண்ணீரில் பொடித்துப் போட்டால் தீர்ந்துவிடும் சமாசாரம் இது. ஆனால் மாத்திரை சில காசு, பிளாஸ்திரி பீர் 19 லிட்டர் என்ற கணக்கைப் பெரும்பாலோர் பீர் கெட்ட பிறகுதான் போடுகிறார்கள்.

கொதிக்கவைத்தல்

முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து 65 முதல் 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவு சர்க்கரையாகிவிடும். வடித்து எடுத்த இனிப்புக் கஷாயத்துக்கு வோர்ட் என்று பெயர். கோதுமை அதிகம் சேர்த்தால் எல்லாம் களியாகி வடிய மறுக்கும். அதைத் தளர்த்த நெல் உமி கலக்க வேண்டும். நம்மூர் ரைஸ் மில் வாசலில் மலையாகக் குவிந்து கிடக்கும் அதே உமிதான், அங்கே பாக்கெட்டில் அடைத்து பவுண்டு கணக்கில் விற்கிறார்கள். வாங்கும்போது முகத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

வோர்ட்டை அடுப்பில் ஏற்றியதும் அதையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். இருபது நிமிஷம், அரை மணி நேரம் என்று ஒன்றும் நடக்காது. நடக்கவே நடக்காது என்று நீங்கள் முடிவுகட்டி, போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போகிற அந்த நிமிஷத்தைத்தான் வோர்ட் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. கொதி வரும் தருணத்தில் அதிலுள்ள புரதங்கள் மேலே திரண்டு ஏடு கட்டும். அடியிலிருந்து வரும் நீராவி அந்த ஏட்டைக் கிளப்பும். சில நொடிகளில் பானை விளிம்பைத் தாண்டிவிடும். பொங்கல் பானையாவது கிழக்கே வழிந்தால் நல்ல சகுனம் என்று கும்பிடலாம். இது நான்கு திசையிலும் வழியும், கண்ணாடி மேடை வைத்த மின்சார அடுப்பில் கருகிப் பிடிக்கும், சுரண்ட பிளேடு வேண்டும்.

பிழைக்க விரும்புகிறவர்களுக்கு: பானையில் கால்வாசியாவது காலி விடுங்கள், கொதி வரும்போது தீயைக் குறையுங்கள், தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நுரை மேல் பீச்சுங்கள். முதல் கைப்பிடி ஹாப்ஸைப் போடும்போது இன்னொரு முறை எழும்பும். தப்பித்தோம் என்று ஸ்பிரேயைக் கீழே வைத்தவர்களுக்காக. மூடி போட்டுக் கொதிக்கவைத்தால் சீக்கிரம் ஆகும் என்ற யோசனையும் தோன்றும். மால்ட்டிலிருந்து உண்டாகும் ஒரு கந்தகச் சேர்மம் நீராவியோடு வெளியேற வேண்டும். மூடினால் அது திரும்பி உள்ளேயே விழுந்து, பீரில் வேகவைத்த மக்காச்சோள வாசனையைக் கொண்டுவரும்.

சமையலறையிலிருந்து துரத்தப்பட்ட பிறகு பலரும் வாங்குவது, நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கிற புரொப்பேன் அடுப்பு. நல்ல சாமான். திறந்த வெளியில் மட்டும். குளிருக்குப் பயந்து கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நகைச்சுவையும் கிடையாது.

கொதித்ததைச் சீக்கிரம் ஆறவைக்க வேண்டும். மின்னசோட்டா பக்கத்து ஆட்களுக்குப் பானையைப் பனிக்குவியலில் புதைக்கிற யோசனை வரும். பனி உருகி, பானையைச் சுற்றி ஓர் இடைவெளி உண்டாகி, அதிலுள்ள காற்றே போர்வையாகிவிடும். பானை சொகுசாகச் சூடாக இருக்கும். செப்புக் குழாய்ச் சுருள் ஒன்றை உள்ளே இறக்கி, தோட்டத்து ஹோஸிலிருந்து தண்ணீர் ஓடவிடுவதுதான் வழி. அந்த இணைப்பில் கிளாம்ப்பை இறுக்க மறந்தால், கிருமி நீக்கிப் பாடுபட்ட வோர்ட்டில் ஹோஸ் தண்ணீர் சொட்டும். மறுமுனையில் முதலில் வருவது கொதிநீர் என்பதை, அந்த முனையைக் கையில் பிடித்திருப்பவர்களுக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்சம் ஆறியதுமே ஈஸ்டைத் தூவிவிடலாம் என்று தோன்றும். 40 டிகிரிக்கு மேலே போனால் அது செத்துப்போகும். 20 டிகிரிக்கு இறங்கட்டும். பொறுக்க முடியாதவர்கள் 11 கிராம் பாக்கெட்டின் ஈமச்சடங்கையும் சேர்த்து நடத்திக்கொள்ளலாம்.

பொங்குதல்

வீட்டில் எந்த இடத்தில் நொதிக்கவிடுவது? வெளிச்சம் படக் கூடாது, வெப்பம் மாறக் கூடாது. வீடு முழுக்கத் தேடிவிட்டு எல்லோரும் கடைசியில் தேர்ந்தெடுப்பது துணி அலமாரி அறையை. குளிர்காலக் கோட்டுகள் வரிசையாகத் தொங்க, அவற்றின் கீழே வாளி. இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

வாளியை விளிம்பு வரை நிரப்புங்கள். மூடியின் ஓட்டையில் ஏர்லாக்கைச் செருகுங்கள். உள்ளே உண்டாகும் கரியமில வாயு தண்ணீர் வழியே குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. அற்புதமான சின்னக் கருவி. இரண்டாம் நாள் ஈஸ்ட் முழு மூச்சில் இறங்கும்போது வாளியில் பழுப்பு நுரை எழும்பும். இடம் இல்லாததால் நுரை ஏர்லாக்கில் ஏறும், கூடவே ஹாப்ஸ் தூளையும் கொண்டுபோய் அந்தச் சிறிய துளையை அடைக்கும். இனி வாயுவுக்குப் போக்கிடம் இல்லை. ஆனால் உற்பத்தி நிற்காது.

இது எப்போதும் ராத்திரியில்தான் முடிவுக்கு வரும். ஒரு சத்தம். மூடி கூரையில். கோட்டுகளில் ஈரப் பழுப்பு ஹாப்ஸ். வீட்டில் உள்ள மற்றவர்கள் ஏதாவது சொல்வார்கள். அந்த நேரத்தில் ஈஸ்ட்டின் ஆரோக்கியத்தைப் புகழ்ந்து பேசாமலிருப்பது நல்லது.

இதைத் தடுக்க ஒரு விரல் தடிமன் குழாய் போதும். முதல் சில நாட்களுக்கு ஏர்லாக்குக்குப் பதில் அந்தக் குழாயைச் செருகி, மறுமுனையைக் கிருமிநாசினி நிரம்பிய ஜாடியில் முக்கிவிட்டால் நுரை அந்த வழியே கௌரவமாக வெளியேறும். கால்வாசி வாளி காலியாக விட்டிருந்தால் அதுவும் வேண்டியிருக்காது. இங்கே இன்னொரு நுட்பம்: கடைசியில் வாளியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்கும், வெளியே உள்ளதை இழுக்கும். ஜாடித் திரவம் முழுவதும் மெள்ள ஏறி பீருக்குள் போய்ச் சேரும். குளிரவைக்கும் முன் குழாயைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது பாடம்.

வாளிக்குப் பதிலாகக் கார்பாய் என்ற பெரிய கண்ணாடிக் குடுவை வாங்குகிறவர்களும் உண்டு. உள்ளே நடப்பதைப் பார்க்கலாம் என்ற ஆசை. நிரம்பிய கார்பாய் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். கழுவும்போது சோப்பு வழுக்கும். உடைந்தால் தைத்துக்கொண்டு வருகிற காயம். இதில் கிண்டல் செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் வாங்குங்கள். போட்டு எடுத்த ஹாப்ஸைக் கொல்லையில் கொட்டாதீர்கள் என்பதும் அப்படித்தான். நாய் தின்றால் அதன் உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூடாகும். அறை 20 டிகிரி என்றால் வாளிக்குள் மூன்று, நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும். கோடையில் ஏசியை அணைத்துவிட்டு வெளியூர் போய்வந்தால் வாழைப்பழ வாசனையோடு, மறுநாள் தலைவலிக்கு உத்தரவாதமுள்ள பீர் தயாராகியிருக்கும்.

முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஏர்லாக்கின் குமிழிகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஹைட்ராமீட்டர் என்ற கண்ணாடி மிதவை இருக்கிறது. ஆரம்பத்தில் 1.050, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பார்த்தும் மாறாமல் 1.010 காட்டினால் வேலை முடிந்தது. சாராயச் சத்து சுமார் ஐந்தேகால் சதவீதம். ஹைட்ராமீட்டரை இரண்டாக வாங்க வேண்டும். ஒன்று உருளையாக இருப்பதால் மேஜையில் உருளும். இரண்டாவது, முதலாவது உடைந்ததைப் பெருக்கும்போது உடையும்.

அந்த எண் நிலைக்கும் முன்னே பாட்டிலில் அடைக்கிற அவசரக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாக. 19 லிட்டருக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்தால் பாட்டிலுக்குள் ஈஸ்ட் அதைத் தின்று வாயு உண்டாக்கும். ஏற்கனவே தின்னாத சர்க்கரையும் மிச்சமிருந்தால் பாட்டில் தாங்காது. பேஸ்மென்ட் அட்டைப்பெட்டியில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளவையும் துணைக்குப் போகும். சந்தேகம் வந்தால் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கனத்த உறை, பெட்டி மேல் தடித்த துண்டு. திறந்து பார்க்கலாமா என்ற நப்பாசையை விட்டுவிடுங்கள்.

கெக்

ஐம்பது சொச்சம் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கழுவுகிறவனுக்கு ஒருநாள் ஞானம் பிறக்கும்: ஒரே ஒரு பெரிய பாட்டில் இருந்தால்? அதற்குக் கெக் என்று பெயர். வீட்டில் காய்ச்சுவோர் பயன்படுத்துவது பெரும்பாலும் கார்னீலியஸ் கெக். 5 கேலன், அதாவது 19 லிட்டர் பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகு உருளை. பெப்சியும் கோக்கும் ஒருகாலத்தில் கடைகளுக்குச் சிரப் அனுப்பியது இதில்தான். பெப்சிக்காரர்களுக்கு ஒருவகைப் பூட்டு, கோக்காரர்களுக்கு வேறுவகை, ஒன்றுக்கொன்று சேராது. பிறகு அவர்கள் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பைக்கு மாறிவிட்டதால் இந்த உருளைகள் பழைய சாமான் விலைக்கு வந்தன.

பழைய கெக் வாங்கினால் அதில் கடைசியாக இருந்த பானம் எது என்று கேளுங்கள். ரூட் பீர் என்ற சோடா என்றால் ஜாக்கிரதை. எஃகு மறந்துவிடும், ரப்பர் வளையம் மறக்காது. எத்தனை தடவை வெந்நீரில் போட்டாலும் உங்கள் செக் நாட்டுப் பாணி பில்ஸ்னரில் ரூட் பீர் வாசனை வரும். வளையங்கள் ஐந்தையும் மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு, ஆனாலும் மக்கள் மூன்று வாரம் பேக்கிங் சோடாவில் ஊறவைத்துப் பார்க்கிறார்கள்.

கெக்கின் தலையில் இரண்டு மூக்குகள். ஒன்று வாயு உள்ளே போக, ஒன்று பீர் வெளியே வர. முதலாவதுக்குக் கீழே விரல் நீளக் குழாய்; இரண்டாவதுக்குக் கீழே அடி வரை போகும் நீளக் குழாய். கழுவ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, திரும்பப் பூட்டும்போது மாற்றிப் பூட்டுங்கள். பீர்க்குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று மட்டும் வரும், வாயு போகும் வழியில் பீர் ஏறி ரெகுலேட்டர் வரை நலம் விசாரிக்கப் போகும். பெப்சி வகையில் வாயு மூக்கின் அடியில் வெட்டுக்குறிகள் இருக்கும், அதில் மாட்டும் இணைப்பு பெரும்பாலும் சாம்பல் நிறம், பீருக்குக் கறுப்பு. கறுப்பை வாயுப் பக்கம் வைத்து அழுத்தினால் முதலில் ஏறாது. பலம் உள்ளவர்கள் ஏற்றிவிடுவார்கள். இறக்குவதற்குத்தான் ஆள் கிடைக்காது.

வாயு ஏற்றுவதில் அவசரமும் பொறுமையும் மோதும். 4 டிகிரிக் குளிரில் 12 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாள் அப்படியே விட்டுவிட்டால் பீர் தனக்கு வேண்டிய அளவு வாயுவைத் தானே எடுத்துக்கொள்ளும். இதில் மனிதன் செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் சிக்கல். ஆகவே 30 பிஎஸ்ஐக்குத் திருகி, கெக்கை மடியில் போட்டுக் குலுக்குவார்கள். எப்போது நிறுத்துவது என்று கெக் சொல்லாது. மறுநாள் கோப்பை நிறைய நுரை வரும், அடியில் ஒரு மடக்கு பீர். நுரை வந்தால் அழுத்தத்தைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய தர்க்கத்தை நான் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். வாயுவைக் கழற்றிவிட்டு, மேலே உள்ள வால்வை இழுத்து அவ்வப்போது வெளியேற்றி, ஓரிரு நாள் விட்டால் தணியும். பல சமயம் குற்றவாளி வாயுவே இல்லை, குட்டைக் குழாய். கெக்கிலிருந்து கோப்பைக்கு வரும் குழாய் குறுகலாகவும் 3 மீட்டர் நீளமாகவும் இருந்தால் அழுத்தம் வழியிலேயே செலவாகி பீர் அமைதியாக வந்து விழும். இடத்தை அடைக்கிறது என்று அதை ஒரு முழத்துக்கு வெட்டினவர்கள் வீட்டில் நுரை சீறும்.

அடுத்தது, இந்தக் கலையின் உச்சம். வாயு ஏறிய பீரில் ஹாப்ஸ் வாசனை போதவில்லை என்று தோன்றும். மூடியைத் திறந்து ஒரு கைப்பிடி ஹாப்ஸ் உருண்டைகளைப் போடுங்கள். ஒவ்வொரு உருண்டையின் சொரசொரப்பிலும் ஆயிரக்கணக்கான குமிழிகள் ஒரே நேரத்தில் பிறக்கும். பீர் கெக்கை விட்டு நேராக மேலே கிளம்பும். மூடியைத் திரும்ப வைக்கலாம் என்று குனிகிறீர்கள் அல்லவா, அந்த நிலையில் முகம் சரியாக அதன் பாதையில் இருக்கும். ஹாப்ஸை வாயு ஏறும் முன்பே போட வேண்டும். மறந்தவர்கள் வலைப்பையில் கட்டி, பீரை உறைநிலைக்குப் பக்கத்தில் குளிரவைத்து, மிக மெதுவாக இறக்கிப் பார்க்கலாம், வெளியே, தரை கழுவக்கூடிய இடத்தில்.

அழுத்தம் இருக்கும்போது மூக்கை ஸ்பேனர் போட்டுக் கழற்றுவதை மட்டும் உதாரணத்துக்குக்கூடச் செய்யாதீர்கள். முதலில் வால்வை இழுத்துச் சீறல் நிற்கும் வரை காத்திருங்கள். கெக் 130 பிஎஸ்ஐ தாங்கும்படி செய்யப்பட்டது. உங்கள் பல்லுக்கு அப்படி எந்த முத்திரையும் குத்தவில்லை.

ஃப்ரீசர்

கெக்குகளை வைக்கப் பழைய பெட்டி ஃப்ரீசர் வாங்கி, வெப்பம் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றை இடையில் மாட்டுவது வழக்கம். கருவியின் உணர்முனையை ஃப்ரீசருக்குள் தொங்கவிட வேண்டும். எதையோ எடுக்கும்போது அது வெளியே விழுந்துவிட்டால், கருவி கராஜின் வெப்பத்தை அளந்து, இன்னும் குளிரவில்லையே என்று கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டே இருக்கும். கராஜை 4 டிகிரிக்குக் கொண்டுவரும் வரை ஓயாது. உள்ளே நான்கு கெக்கும் கல்லாகியிருக்கும்.

குழாய்கள் வெளியே வர ஓட்டை வேண்டும். டிரில் எடுத்து ஃப்ரீசரின் பக்கச் சுவரில் போடுங்கள். அந்தச் சுவருக்குள்தான் குளிரூட்டும் வாயுவின் குழாய் வளைந்து வளைந்து ஓடுகிறது. உஸ் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதன்பின் அது ஃப்ரீசர் அல்ல, மூடி போட்ட பெரிய பெட்டி, போர்வை வைக்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் சுவரைத் தொடுவதில்லை. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மரச்சட்டம் ஒன்று பொருத்தி, ஓட்டையை மரத்தில் போடுகிறார்கள்.

பீர் பிடிக்க ஆரம்பத்தில் எல்லோரும் வைத்திருப்பது கறுப்புப் பிளாஸ்டிக் கைக்குழாய். கட்டைவிரலால் அமுக்கினால் பீர் வரும். அதைக் கெக் மேல் வைத்துவிட்டு மூடியைச் சாத்துகிறீர்கள். ஏதோ ஒரு சமயம் அது சரிந்து, கெக்குக்கும் சுவருக்கும் இடையே விழுந்து, விசை அமுங்கிய நிலையில் சிக்கிக்கொள்ளும். சத்தமே இருக்காது. 12 பிஎஸ்ஐ விடாமல் வேலை செய்யும். காலையில் திறந்தால் காலியான கெக் பாதி மிதக்கும். நல்ல தெளிந்த பீர், மிகச் சரியான குளிரில். ஃப்ரீசரின் அடியில் சேர்ந்ததை ஒரு டம்ளரில் மொண்டு பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு துணி கிளிப்பில் கைக்குழாயை மேலே மாட்டிவைத்தால் போதும்; அல்லது பீர்ப் பக்க இணைப்பைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

வாயு

கரியமில வாயுச் சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்கவைத்தால் திரவமாகவே ரெகுலேட்டருக்குள் பாயும். கசிகிறதா என்று ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குறிப்பாகக் கெக் மூடியைச் சுற்றி. மூடிய ஃப்ரீசரில் கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். திறந்தவுடன் தலையை உள்ளே விட்டுக் குனிந்தால் மூக்கில் சுரீரென்று ஏறும். நிமிர்ந்து நின்று, கொஞ்சம் காற்றாடவிட்டு, பிறகு குனியுங்கள்.

ரெகுலேட்டரில் இரண்டு முள். சிலிண்டருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதாக நீங்கள் நம்பும் முள், சாதாரண அறையில் 800 பிஎஸ்ஐக்குச் சற்று மேலே நிற்கும். உள்ளே திரவம் இருக்கும் வரை அது இறங்காது. பாதிக்கு மேல் தீர்ந்தாலும் முழுசாகத்தான் காட்டும். திரவம் தீர்ந்த பிறகு மளமளவென்று விழும். சிலிண்டரை ஃப்ரீசருக்குள் வைத்தால் குளிரில் 550ஐ ஒட்டி இறங்கி நிற்கும், அதைக் கசிவென்று நினைத்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பவர்கள் கழற்றிய இடத்தில் நிஜமான கசிவை உண்டாக்குவார்கள். அளவு தெரிய ஒரே வழி, தராசில் நிறுத்துப் பார்ப்பது. சிலிண்டரின் கழுத்தில் அதன் வெற்று எடை பொறித்திருக்கும். 5 பவுண்டு சிலிண்டர் என்றால் அதற்கு மேல் 5 பவுண்டு இருந்தால் முழுசு. ரேஷன் கடைத் தராசைச் சந்தேகித்த பரம்பரையில் வந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விருந்தினர்

சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களைக் கூப்பிட்டிருப்பீர்கள். அவர்கள் ஒரு மடக்கு குடித்துவிட்டு “வித்தியாசமா இருக்கு” என்பார்கள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு கோப்பை நிரப்புவது மரபு. உண்மை தெரிய வேண்டுமானால் போட்டிக்கு அனுப்புங்கள். 1985இல் ஏற்பட்ட பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தங்கும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. நண்பர்கள் வித்தியாசம் என்றதை இவர்கள் பெயர் சொல்லி எழுதுவார்கள். வெண்ணெய் வாசனையா, ஈஸ்ட் சுத்தம் செய்து முடிக்கும் முன்னே குளிரவைத்துவிட்டீர்கள். பச்சை ஆப்பிளா, அதே அவசரம்தான். நனைந்த அட்டை வாசனையா, கெக்குக்கு மாற்றும்போது சளசளவென்று ஊற்றிக் காற்றைக் கலந்துவிட்டீர்கள். ஸ்கங்க் என்ற பிராணி வாலைத் தூக்கின வாசனையா, பச்சைப் பாட்டிலை வெயிலில் வைத்தீர்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்பு அப்படி மாறும், பழுப்புப் பாட்டில் ஓரளவு காக்கும். தோற்றத்துக்கு 3 போட்டிருப்பார்கள்.

ஆனால் இந்தச் சனிக்கிழமை அதற்கெல்லாம் நேரமில்லை. இரண்டாவது சுற்று ஊற்றும்போது பீர் தடித்த நூலாக வரும், பிறகு சொட்டும், பிறகு நிற்கும். கெக்கைத் தூக்கிப் பார்த்தால் கனக்கிறது. முள்ளைப் பார்த்தால் பூஜ்யத்தில். வாரம் முழுக்க முழுசு முழுசு என்று காட்டிய அதே முள். வாயு நிரப்புகிற வெல்டிங் சாமான் கடையும் தீயணைப்புக் கருவிக் கடையும் எப்போதோ சாத்தியாகிவிட்டன, இனி திங்கட்கிழமைதான். யாராவது ஒரு நண்பர் சைக்கிள் பம்ப்பை வைத்து அடித்தால் என்ன என்று கேட்பார். அடித்தால் பீர் வரும், இன்று ராத்திரிக்கு நன்றாகவே வரும். உள்ளே போன காற்றில் மிச்சமெல்லாம் சில நாளில் நனைந்த அட்டையாகிவிடும். ஆகவே பம்ப் அடிப்பதென்றால் கெக்கைக் காலி செய்துவிட்டுத்தான் எல்லோரும் எழுந்திருக்க வேண்டும். வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு ஊற்றாதீர்கள், மற்றவர்களுக்கு ஜமுக்காளம் விரித்துக் கொடுங்கள். திங்கட்கிழமை கடைக்குப் போகும்போது இரண்டாவது சிலிண்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.